பச்சை உப்பின் சாட்சிகள்

காலை ஆறரைக்கு ஈயக்கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் உலைக்காரன் கில்டாஸ் இயக்கும் இயந்திரக் கை. எங்கள் கடற்கரைத் தெருக்களுக்கு மின்சாரம் தருவது உருகிய உப்பில் ஓடும் இந்த அணு உலைதான். தினமும் உலையிலிருந்து ஒரு சொட்டு உப்பை எடுத்து உறையவைத்துக் காட்டுவான். நான் நிறம் பார்ப்பேன். இருவரும் கையெழுத்திடுவோம்.

உப்பில் கரைந்திருக்கும் யுரேனியம் நாற்புளோரைடு பச்சை. அணு பிளக்கப் பிளக்க, ஒட்ட ஆளில்லாமல் மிஞ்சும் புளோரின் குழாயிலுள்ள குரோமியத்தைத் தின்னத் தொடங்கும். பெரிலியம் கம்பியை முக்கினால் நாற்புளோரைடில் கொஞ்சம் முப்புளோரைடாகும், பச்சையில் செம்மை கலக்கும், குழாய் பிழைக்கும். அதனால் சொட்டின் நிறம் நேற்றுப்போல் இன்று இருக்காது. ஆனால் பதினோரு நாளாக அப்படியே இருந்தது. நல்ல நிறம்தான். நல்லது தொடர்ந்து நடந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

கையெழுத்திடுபவரின் பிள்ளை உலைச்சுவரை ஒட்டிய வீட்டில்தான் வளர வேண்டும் என்பது சட்டம். பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். என் மகள் அனிலாவும் கில்டாஸின் மகனும் அங்கேதான் தவழ்ந்தார்கள்.

பதினோராம் நாளும் பன்னிரண்டாம் நாளும் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். சொட்டுக்குள் நேற்றிருந்த அதே இடத்தில் அதே குமிழி. பழைய சொட்டையே தினமும் காட்டியிருக்கிறான். கையெழுத்திடாமல் எழுந்து அவன் வீட்டுப் பக்கம் போனேன். கொடியில் அவன் கைலி மட்டும் காய்ந்தது. அவன் மனைவி ஷீபாவின் சேலையோ பிள்ளையின் யூனிபார்மோ இல்லை. அவனும் பின்னாலேயே வந்துவிட்டான்.

"ஷீபா எங்கலே?"

"அவ அம்மை வீட்டுல எக்கா. காய்ச்சல்."

"யாருக்குக் காய்ச்சல்? ஷீபாவுக்கா, அவ அம்மைக்கா?"

அவன் கொடியிலிருந்த கைலியை இழுத்து மடிக்கத் தொடங்கினான்.

"பெரிலியம் தீந்து எத்தன நாளாச்சு?"

"பதினாலு. கப்பல் இந்தா வந்துரும்னு சொன்னாவ. உலைய நிறுத்துனா ஆஸ்பத்திரி, ஐஸ் கம்பெனி எல்லாம் நின்னுருமுல்லா எக்கா."

"உன் புள்ளைய அனுப்பிட்ட. எம் புள்ள இங்கதானலே கெடந்தா? ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சொன்னா நீங்க உலைய நிறுத்திருவீங்கல்லா."

அறைய ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். வடிகாலைத் திறந்தேன். உப்பு முழுவதும் அடித்தொட்டியில் இறங்கி உறைந்தது. பிறகு குழாயை அறுத்துப் பார்த்தபோது ஓரிடம் அப்பளம்போல் மெலிந்திருந்தது. கில்டாஸைப் பிடித்துப் போனார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அதோடு விடவில்லை, சட்டத்தையும் திருத்தினார்கள். இப்போது கையெழுத்திடும் இருவரின் பிள்ளைகளும் வீடு மாறி வளர வேண்டும். அனிலா புதிய உலைக்காரி மெர்சலின் வீட்டில் இருக்கிறாள். மெர்சலினின் ஏழு வயது மகள் பெனிட்டா என் வீட்டில்.

தட்டில் சோறு போட்டால் அவள் உடனே தொடுவதில்லை. நான் ஒரு வாய் தின்று விழுங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அம்மா அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பாள். மெர்சலினை நான் குற்றம் சொல்லமாட்டேன். அனிலாவிடம் நானும் அதைத்தான் சொல்லி அனுப்பினேன்.