பனிக்குள் கூப்பிட்ட குரல்

“டிரைவர் அண்ணன் எங்கேங்க?”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பாஸ்கலீனா திரும்பினாள். ஒடிசலான உடம்பு... கண்களில் மட்டும் அத்தனை கோபம்!

“அண்ணன் யாரும் இல்ல. நான்தான் டிரைவர், நான்தான் கைடு. பிடிக்கலைன்னா இறங்கிக்கலாம்.”

“ஐயோ... இறங்கினா சிங்கம் தின்னுடும். நீங்க திட்டுறதே தேவலை!”

அவன் ஒம்பேனி. மோஷி நகரத்துப் பல் டாக்டர். நண்பர்கள் முன்வண்டியில் அடைத்துக்கொண்டு போய்விட, கோரோங்கோரோ வனச் சரணாலய வாசலில் தனியாக நின்றவனை இவள் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

“சிங்கத்துக்குப் பல்லு பிடுங்கப் போறீங்களா டாக்டர்?”

“அது இருக்கட்டும். நீங்க முதல்ல சிரிங்க... உங்க பல்லையே இன்னும் பாக்கலையே!”

சிரித்துவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்கள் சிரித்துவிட்டன... அவன் பார்த்துவிட்டான்.

மலை விளிம்பில் பனி இறங்கியது. காலை நேரம்தான்... ஆனால் வெளிச்சமே இல்லை. மரங்களில் தொங்கிய பாசி ஈரக் கூந்தல் போல ஆடியது. பறவைச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. அவள் எஞ்சினை அணைத்தாள்.

“பனி விலகட்டும். பேசாதீங்க.” ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

அப்போதுதான் அது கேட்டது. கீழே பள்ளத்துக்குள்ளிருந்து... மெல்ல... நீளமாக...

“யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க!” ஒம்பேனி கதவைத் திறந்து இறங்கியேவிட்டான்.

“டாக்டர்! ஏறுங்க!”

பனி அவனை விழுங்கிவிட்டது. அவள் குதித்தாள், அந்த வெள்ளைக்குள் துழாவி அவன் சட்டையைப் பற்றினாள். எதிரே ஏதோ மூச்சுவிட்டது. ஒற்றைக் காட்டெருமை! ஆனால் அது இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரல் வந்த திசையையே வெறித்தபடி, அசையாமல்...

பின்னோக்கியே நகர்ந்து இருவரும் வண்டிக்குள் விழுந்தார்கள்.

“அறிவிருக்கா? வாசல்லயே இறக்கிவிடறேன். இனி என் வண்டிப் பக்கம் வராதீங்க!”

“ஒரு குரல் கேட்டுச்சே...”

“கழுதைப்புலி.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது கழுதைப்புலி இல்லை என்று அவளுக்குத் தெரியும். வனக்காவலனாக இருந்த அண்ணன் மார்க்வே, போன மழைக்காலத்தில் இந்தப் பனிக்குள் நடந்து போனான்... திரும்பவில்லை. அன்றிலிருந்து பனி இறங்கும்போதெல்லாம் இந்தக் குரல். யாரிடம் சொல்வாள்? சொன்னால் அம்மா வீட்டைவிட்டு வெளியே அனுப்பமாட்டாள். வேலையும் போய்விடும்.

வாசல் வந்தது, பனியும் கூடவே வந்தது. ஒம்பேனி கதவைத் திறந்தான்... இறங்கவில்லை.

“கழுதைப்புலி பேர் சொல்லிக் கூப்பிடுமா?”

அவள் சட்டென்று திரும்பினாள். “என்ன பேரு?”

“கிடோட்டி... கிடோட்டின்னு.”

சின்னப் புள்ளி என்று அர்த்தம். அவள் மோவாய் மச்சத்தைப் பார்த்து அண்ணன் வைத்த செல்லப் பெயர். அவனைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நினைச்சேன்...” உடைந்து அழுதாள். “எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு...”

ஒம்பேனி சிரிக்கவில்லை. சில்லிட்ட அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நாளைக்கும் வரேன். மிருகம் பாக்க இல்ல... இதை இனிமே நீங்க தனியாக் கேக்கக் கூடாது.”

“மோஷில பல்வலிக்காரங்க?”

“அவங்க பொறுத்துப்பாங்க. என்னாலதான் முடியாது போலிருக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு, பாஸ்கலீனா.”

அவள் வாய் திறக்குமுன் குரல் மறுபடி எழுந்தது. வாசலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது வந்ததே இல்லை. அவள் அவன் கையை விடவில்லை.

“எனக்கும்...” என்றாள் மெதுவாக. “உள்ளயே இருங்க... கதவைச் சாத்துங்க.”