கரிப்படத்துக்குள் வந்த தொப்பிக்காரன்

காலையில் படத்தில் மூன்று பெண்கள்தான் இருந்தார்கள். சாயங்காலம் வேலைக்காரி ஓர்தான்ஸ் ஓவியரின் அறைக்கு அடுப்புச் சாம்பல் அள்ள வந்தபோது, அவர்களுக்குப் பின்னால், திரைச்சீலை ஓரத்தில், உயரத் தொப்பி வைத்த ஓர் ஆள் நின்றான்.

படத்தின் நடுவில், பெஞ்சில் குனிந்து கணுக்காலைப் பிடித்து இளைப்பாறுகிறவள் ஓர்தான்ஸின் மகள் செலஸ்தின். அரங்கில் ஆடுகிறவள், ஓவியர் வரைய உட்காரவும் வருவாள். ஆடி முடித்துப் பெண்கள் மூச்சு வாங்கும் இடத்துக்கு, வருஷச் சந்தா கட்டிய கனவான்கள் இப்படித்தான் தொப்பியோடு வந்து நிற்பார்கள். அப்புறம் பிடித்தவளை ஏற்றிக்கொண்டு போக வாசலில் வண்டி நிற்கும். அதனாலேயே ஓர்தான்ஸ் மகளைத் தனியாக எங்கும் விடுவதில்லை.

“அந்தத் தொப்பிக்காரரை எப்ப வரைஞ்சீங்க ஐயா?”

மேல்கோட்டை மாட்டிக்கொண்டிருந்த ஓவியர் திரும்பவேயில்லை. “எந்தத் தொப்பி? அடுப்புப் புகை கண்ணுல அடிச்சிருக்கும். நான் ஒரு வாய் குடிச்சிட்டு வரேன். மேசையில இருக்கற ரொட்டியத் தின்னுடாதே, அது கரிக்கோட்ட அழிக்க வெச்சது.”

“அதைத் தின்னா என் குடலும் கறுத்துப்போகும். போயிட்டு வாங்க.”

அவர் சிரித்தபடி படியிறங்கினார்.

செலஸ்தின் ஆட்ட உடுப்போடு பெஞ்சில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். கூரைக் கண்ணாடியில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, நனைந்த கம்பளியும் கரித்தூளும் கலந்த வழக்கமான வாடைக்கு நடுவே, அந்த அறையில் யாருமே புகைக்காத சுருட்டின் வாடை மெல்லக் கிளம்பி ஓர்தான்ஸின் தொண்டையில் வந்து நின்றது. விளக்கைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள்.

திரை ஓரத்தில் ஆள் இல்லை. படத்துப் பெஞ்சுக்கு வந்துவிட்டான். கை மகளின் தோளில்.

“அம்மா, குளிருது. யாரோ மேல கை வெச்சாப்ல இருக்கு.”

“அசையாம இரு கண்ணு.”

ரொட்டியைப் பிய்த்தாள். நடுச்சதையை உருட்டித் தேய்த்தாள். தொப்பி போயிற்று. முகம் இருக்க வேண்டிய இடம் போயிற்று. மார்பு. முழங்கை. மணிக்கட்டில் நின்றாள். அவன் விரல்களும் மகளின் தோளும் ஒரே கரி; ஒன்றைத் தேய்த்தால் மற்றதும் போகும்.

ஓரமாக ஒரு தேய் தேய்த்தாள்.

“ஐயோ அம்மா! தோலு எரியுது!”

ரொட்டி நழுவியது. சுருட்டு வாடை இல்லை. மழைச் சத்தமும் இல்லை.

திரும்பினாள்.

மகளின் வெறும் தோளில் கறுத்த விரல்கள். பின்னால் ஆள் இல்லை. கையும் இல்லை. அவள் அழித்து நிறுத்திய மணிக்கட்டோடு சரி.

“போயிட்டாரா அம்மா?”

விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து, கழுத்தைப் பார்த்து நகர்ந்தன.