மயிலையின் காதுவில்லை

செவ்வாய்க் கோளின் மருதவட்டக் குடியிருப்பில் பொழுது விடிந்ததும் ஒலிபெருக்கியில் மாடுகளின் மூச்சை வாசிப்பார்கள். ஒவ்வொரு மாட்டின் நெஞ்சுக்குள்ளும் நெல்மணி அளவில் ஒரு மூச்சுமானி இருந்தது. "ஏழு, மயிலை, இருபத்தெட்டு. எட்டு, செவலை, இருபத்தேழு..." நிமிடத்துக்கு அத்தனை மூச்சு என்று பொருள். முப்பதுக்குள் இருந்தால் அந்த வீட்டில் நிம்மதியாகக் காபி குடிப்பார்கள். தாண்டினால் யாருக்கும் தொண்டையில் இறங்காது.

இருபது வீடு, வீட்டுக்கு ஒரு மாடு. மயிலை பேச்சியம்மாளுடையது. அவள் புருஷன் குடியிருப்பின் காற்றுக்குழாய் வெடித்துச் செத்த வாரம் பிறந்த கன்று அது. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். பேச வேறு ஆளில்லாததால் அதனிடமே எல்லாவற்றையும் பேசினாள். இப்போது மயிலை சினையாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் குடியிருப்பில் மாடுகள் இருமத் தொடங்கின. பூமியிலிருந்து வந்த எந்த மாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்ததோ, நுரையீரல் தொற்று. ஒரு மாடு இருமினால் தொழுவமே இருமும். பழைய தடுப்பூசி ஒரு வருஷம் தாங்கினாலே பெரிது. அதைப் போட்ட சில மாடுகளுக்கு வால் வீங்கி அழுகி விழுந்தது. மருத்துவர் இருதயராஜ் ஆறு வருஷம் பாடுபட்டு, கிருமியின் பல்லைப் பிடுங்கி உயிரோடு வைத்து, புது மருந்து ஒன்று செய்திருந்தார். கையில் இருந்தது பத்து மாட்டுக்கான அளவுதான். மற்றப் பத்துக்கும் வெறும் உப்புநீர். மருந்து வேலை செய்கிறதென்று நிரூபணமானால் தாய்க்கிருமிக் குப்பியிலிருந்து எல்லா மாடுகளுக்கும் செய்துகொள்ளலாம்.

எந்த மாட்டுக்கு எது என்ற பட்டியல் பரம ரகசியம். மருதவட்டத்தில் ரகசியம் காபி ஆறும்வரைதான் தாங்கும்.

பேச்சியம்மாள் மருத்துவரிடம் ஓடினாள். "ஐயா, என் மயிலைக்கு உப்புத்தண்ணியாமே. வாயும் வயிறுமா நிக்குதே, மாத்திப் போடக் கூடாதா?"

"முடியாதும்மா. ஒண்ணை மாத்தினாலும் சோதனை கெட்டுப்போகும். குலுக்கல்ல விழுந்தது விழுந்ததுதான்."

மறுநாள் பால் கறக்கப் போனவள், மயிலையின் எண் பொறித்த காதுவில்லையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற செவலைக்கு மாட்டினாள், செவலையுடையதை மயிலைக்கு. செவலை கோமு அக்காவின் மாடு. பேச்சியம்மாள் அந்தப் பக்கம் பார்க்காமல் பாலைக் கறந்தாள். ஒன்றே ஒன்று, அதனால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஊசி போடும் இயந்திரக்கை காதுவில்லையைப் பார்த்துப் போட்டது. ஊசி முடிந்ததும் பேச்சியம்மாள் வில்லைகளைப் பழையபடி மாட்டிவிட்டாள். சாவைக் குறிக்கும் தீர்ப்புப்பொறியோ நெஞ்சிலிருந்த மூச்சுமானியைக் கேட்டு, பழைய பட்டியல்படியே எழுதியது.

மூன்றாம் வாரம் நோய் வந்தது. செவலையின் மூச்சு நாற்பது, ஐம்பது, அறுபது என்று ஏறி ஒரு நாள் வாசிப்பில் விட்டுப்போயிற்று. கோமு பேச்சியம்மாளின் மடியில் விழுந்து அழுதாள். "மருந்து போட்டும் போயிடுச்சே, பேச்சி!" பேச்சியம்மாளும் அழுதாள். அது பொய்யழுகை இல்லை.

ஒரு மாதத்தில் தீர்ப்புப்பொறி முடிவைச் சொன்னது. மருந்து போட்டவற்றில் ஒன்பது இறப்பு, உப்புநீர் போட்டவற்றில் இறப்பே இல்லை. எனவே உப்புநீரே சிறந்த தடுப்பு மருந்து.

இருதயராஜ் ஊர்க்கூட்டத்தில் கும்பிட்டுக் கேட்டார். "உப்புத்தண்ணி எந்த நோயையும் தடுக்காது. யாரோ காதுவில்லையை மாத்தியிருக்கீங்க. சோதனையில தோத்துப்போன உயிர்க்கிருமியை மூணு நாளைக்கு மேல வச்சிருக்கச் சட்டம் விடாது. உண்மையைச் சொல்லுங்க, குப்பியைக் காப்பாத்திடலாம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேச்சியம்மாள் எதிரே உட்கார்ந்திருந்த கோமுவைப் பார்த்தாள். சொல்லிவிட்டு அந்த முகத்தில் எப்படி விழிப்பது? அதோடு, தான் மாற்றியது ஒன்றுதானே, மற்ற ஒன்பது மாடும் பொய் சொல்லுமா, உப்புநீரில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றியது. அவள் அதை நம்பவே தொடங்கிவிட்டாள். மூன்றாம் நாள் குப்பியை எரித்தார்கள்.

மயிலை கன்று ஈன்றது. ஊர்த் தீர்மானப்படி அதற்கு உப்புநீர் ஊசி போட்டார்கள். பால்குடி மறக்கும் பருவத்தில் ஒரு காலை ஒலிபெருக்கி சொன்னது: "இருபத்தொன்று, மயிலைக் கன்று, நாற்பத்திரண்டு."

பேச்சியம்மாள் ஆய்வுக்கூடத்துக்கு ஓடிப்போய் மருத்துவரின் காலைப் பிடித்தாள். "நான்தான் மாத்தினேன், ஐயா. நான் ஒருத்திதான். என்னாலதான் எல்லாம் போச்சு."

இருதயராஜ் அவளைத் தூக்கி உட்காரவைத்தார். அவருக்குக் கோபம்கூட மிச்சமில்லை. "குப்பியை எரிச்ச பிறகு வந்து சொன்னதுல நீ பத்தாவது ஆள், பேச்சியம்மா. ஆளுக்கு ஒண்ணா, பத்தையும் மாத்தியிருக்கீங்க. பத்துப் பேரும் 'நான் ஒருத்தர்தான்'னுதான் சொல்றீங்க."

சுவருக்கு அப்பால் கன்று இருமுவது கேட்டது.

"திரும்பச் செய்ய முடியுமா, ஐயா?"

"முதல்லேர்ந்து தொடங்கணும். மூணு வருஷமாவது ஆகும். இந்தக் கன்னுக்கு உதவாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மயிலை மறுபடி சினைப்படும். மருந்து வந்ததும் முதல் ஊசியை அந்தக் கன்னுக்குப் போட்டுடுங்கய்யா. நான் வெளியே மூச்சு விட மாட்டேன்."

இருதயராஜ் மேசை இழுப்பறையைத் திறந்து 'முதல் ஊசி' என்று தலைப்பிட்ட ஒரு தாளை எடுத்தார். அதில் ஏற்கெனவே ஒன்பது பெயர்கள் இருந்தன.