இரண்டு பனிச்சிறுத்தைகள்

"அக்கா, நேத்து ரெண்டு மணி நேரம் கூடவே நின்னு சொல்லிக் கொடுத்தீங்களே, ரொம்ப நன்றி! இப்பதான் என் நிரல் சரியா ஓடுது!"

தொலைபேசியில் கூல்ஜானின் குரல் துள்ளியது. அம்மா மாவு ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"நேத்தா? நேத்து சாயங்காலம் நான் பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருந்தேன், கூல்ஜான்."

"போங்கக்கா, விளையாடாதீங்க. நீலவெளியில, நீரூற்றுக்குப் பக்கத்துல, நீங்கதானே..."

"நான் இல்ல."

"பனிச்சிறுத்தை அக்கா! தலையில வெள்ளைத் தொப்பி! மேல உங்க பேரு!"

"நான் இல்லங்கறேன்ல!"

மறுமுனையில் குரலின் துள்ளல் அடங்கியது. கூல்ஜான் மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் யார்கிட்டக்கா பேசினேன்?"

எண்ணெயில் பொரித்த சூடான பவுர்சாக் உருண்டைகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்த இங்கார் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வாயில் இருந்ததை மெல்லவும் மறந்துபோனாள்.

இங்காருக்குப் பத்து வயது. அவள் அம்மா ஷோல்பான் கணினிக்கு நிரல் எழுதுபவர். அல்மாத்தியில் இருக்கும் அம்மாவுக்கு ஷிம்கென்ட், பிஷ்கெக், தாஷ்கென்ட் என்று ஊருக்கு ஊர் நண்பர்கள் உண்டு. எல்லோரும் அதே வேலை செய்பவர்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணி ஆனால் அவரவர் வீட்டில் இருந்தபடியே கணினிக்குள் இருக்கும் ஓர் ஊரில் கூடிவிடுவார்கள். அந்த ஊரின் பெயர்தான் நீலவெளி. மற்ற நாள்களிலும் சிலர் அங்கே வந்து போவார்கள்.

அங்கே யாருக்கும் சொந்த முகம் கிடையாது. அவரவர் விரும்பிய அவதாரம் எடுத்துக்கொள்ளலாம். அம்மா பனிச்சிறுத்தை. கூல்ஜான் நடக்கும் மாதுளம்பழம். நீலவெளியைக் கவனித்துக்கொள்ளும் ஒராஸ், நான்கு கால் முளைத்த தேநீர்க் கொதிகலன். கோபம் வந்தால் அவர் தலையிலிருந்து ஆவி வரும். அதற்காகவே அவரைச் சீண்டுகிறவர்கள் உண்டு.

அம்மா கையைக் கழுவுவதற்குள் தொலைபேசி மறுபடி அடித்தது. இந்த முறை ஒராஸ்.

"ஷோல்பான், வேலை முடிஞ்சுது. நீ சொன்னபடியே பழைய கூடத்தை அழிச்சிட்டேன்."

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எதை அழிச்ச?"

"பழைய கூடத்தை. இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதே, எல்லாத்தையும் புது இடத்துக்கு மாத்திட்டியா, அழிச்சிடவான்னு நேத்து கேட்டேன். 'சரி'ன்னு சொன்னியே!"

"நான் சொல்லல ஒராஸ்! நான் இன்னும் ஒண்ணையும் மாத்தவே இல்ல! இந்த வாரம்தான் ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்!"

அம்மாவின் முகம் மாவைப் போலவே வெளுத்திருந்தது. நீலவெளியில் இருந்த பழைய கூடம் அவர்கள் எல்லோரும் சேர்ந்து மூன்று வருடமாகக் கட்டியது. ஒவ்வொரு சுவரும் ஒவ்வொருவருடையது. அதில் ஒரு சுவர் அஸ்காருடையது. அஸ்கார் போன வருடம் இறந்துவிட்டார். அந்தச் சுவரைத் தொட்டால் அவர் வாசித்த தோம்பிரா என்ற இரு கம்பி வாத்தியத்தின் இசை கேட்கும். அவருடைய வாசிப்பு வேறு எங்கும் பதிவாகவில்லை.

"அம்மா, இன்னைக்கு வெள்ளி, மணி அஞ்சு" என்றாள் இங்கார்.

இருவரும் கணினிக்கு ஓடினார்கள்.

நீலவெளியின் சதுக்கத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. அம்மாவின் பனிச்சிறுத்தை உள்ளே நுழைந்ததுதான் தாமதம், எல்லாத் தலைகளும் திரும்பின. பிறகு எல்லாத் தலைகளும் எதிர்ப்பக்கம் திரும்பின.

எதிரே நீரூற்றின் அருகில் இன்னொரு பனிச்சிறுத்தை நின்றுகொண்டிருந்தது.

அதே வால். அதே புள்ளிகள். தலையில் அதே வெள்ளைத் தொப்பி. மேலே 'ஷோல்பான்' என்று அதே பெயர்.

கண்ணாடி முன் நிற்பதுபோல இருந்தது. ஆனால் கண்ணாடியில் இருப்பது நாம் அசையும்போதுதான் அசையும். இதுவோ தானாகவே ஓர் அடி பின்னால் வைத்தது.

"ஐயோ!" என்று கத்தியது மாதுளம்பழம். "அதுதான்! நேத்து என்கிட்ட பேசினது அதுதான்!"

"பேரைப் பாருங்க" என்றார் ஒராஸ். "கடைசியில சின்னதா ஒரு புள்ளி இருக்கு. நான் ஒரு முட்டாள், நேத்து கவனிக்கல! ஷோல்பான், உன் சிறுத்தையை எப்படிச் செஞ்சேன்னு நீயே எல்லாரும் பாக்கற மாதிரி போட்டு வெச்சிருந்தல்ல? அதைப் பாத்துச் செஞ்சிருக்கான்."

"டேய், யாருடா நீ?" என்று யாரோ அதட்டினார்கள்.

பொய்ச் சிறுத்தை வாயைத் திறக்கவில்லை.

"நேத்தும் வாய்விட்டுப் பேசல" என்றாள் கூல்ஜான். "தொண்டை சரியில்ல, எழுதிக் காட்டறேன்னுச்சு. நானும் பாவம்னு நம்பிட்டேன்."

"முதல்ல கூடத்தைப் பத்திப் பேசுங்க" என்றார் அம்மா. "நகல் யார்கிட்ட இருக்கு?"

மாதுளம்பழம் கொதிகலனைப் பார்த்தது; கொதிகலன் மாதுளம்பழத்தைப் பார்த்தது.

"ஒராஸ்?"

"நான் எங்க வெச்சிருக்கேன்? கூல்ஜான் வெச்சிருப்பான்னு நெனச்சேன்."

"நானா? நான் ஷோல்பான் அக்கா வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நான் ஒராஸ் வெச்சிருப்பான்னு..." அம்மா பாதியில் நிறுத்திவிட்டார்.

பதினேழு நிரலாளர்கள். வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் 'எதற்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்' என்று ஊருக்குப் புத்தி சொல்பவர்கள். ஒருவரிடமும் நகல் இல்லை. இங்காருக்குச் சிரிப்பு வந்திருக்கும், அம்மாவின் கண்களில் நீர் மட்டும் நிற்காமல் இருந்திருந்தால்.

கொதிகலனின் தலையிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. "இவனை இப்பவே வெளிய தள்ளறேன். இனிமே இந்தப் பக்கமே வர முடியாத மாதிரி அடைச்சிடறேன்."

"தள்ளு! தள்ளு!" என்றது கூட்டம்.

இங்கார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விஷயம் அவளுக்குப் புரியவில்லை. இவ்வளவு பேர் கத்தியும் அந்தச் சிறுத்தை ஏன் ஓடவில்லை? ஒரு பொத்தானை அழுத்தினால் மறைந்துவிடலாமே!

அவள் கண்கள் சதுக்கம் முழுவதையும் சுற்றி வந்தன. யாரோ ஒருவர் குறைவதுபோல இருந்தது. சட்டென்று யார் என்று தெரிந்தது.

"அம்மா, அந்தச் சாம்பல் ஆள் எங்க?"

"எந்தச் சாம்பல் ஆள்?"

"நீரூற்றுக்கிட்டயே நிப்பாங்களே, முகமே இல்லாம! 'புதியவர் 418'னு பேர் போட்டிருக்கும். எல்லா வெள்ளிக்கிழமையும் வருவாங்க. இன்னைக்கு இல்ல. அவங்க நின்ன இடத்துலதாம்மா இந்தச் சிறுத்தை நிக்குது!"

புதிதாக வரும் எல்லோருக்கும் முதலில் கிடைப்பது அந்தச் சாம்பல் உருவம்தான். அம்மா புருவத்தைச் சுருக்கினார். "அப்படி யாரையும் நான் பாத்த ஞாபகமே இல்லையே."

"நான் பாத்திருக்கேன். அம்மா, ஒராஸ் மாமாவை அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லேன். நான் அவங்ககிட்ட தனியா எழுதறேன். திட்டமாட்டேன்."

"அவன் நம்ம கூடத்தையே அழிக்க வெச்சிருக்கான், என் செல்லக் குதிரைக்குட்டி!"

"தெரியும்மா. ஆனா வெளிய தள்ளிட்டா ஏன்னு கேக்கவே முடியாதே."

அம்மா ஒரு கணம் மகளைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியில், "ஒராஸ், அஞ்சு நிமிஷம். எனக்காக" என்றார். நாற்காலியை விட்டு எழுந்து மகளுக்கு இடம் கொடுத்தார்.

இங்கார் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். 'நான் இங்கார். ஷோல்பானோட பொண்ணு. நீரூற்றுக்கிட்ட நிக்கிற சாம்பல் ஆள் நீங்கதானே? ஒருநாள் அம்மா தேநீர் ஊத்தப் போனப்ப நான் அவங்க சிறுத்தையை வெச்சு உங்களுக்குக் கை அசைச்சேன்.'

சதுக்கத்தில் முணுமுணுப்பு கூடியது.

பிறகு பதில் வந்தது.

'அது நீயா? உங்கம்மாதான்னு நெனச்சேன். நாலு மாசத்துல எனக்கு யாரோ கை அசைச்சது அந்த ஒரு தடவைதான்.'

இங்கார் வாயைப் பிளந்தாள். அதற்குள் அடுத்தடுத்து வரிகள் வந்துகொண்டே இருந்தன.

'என் பேரு பெக்ஸாத். வயசு இருபத்திரண்டு. அரால்ங்கற சின்ன ஊர்ல இருக்கேன். எங்க கம்பெனிக்கு இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். நாள் முழுக்க அறையில தனியா உக்காந்து வேலை பாக்கறேன். இங்க வந்தா நாலு பேர் பேசுவாங்கன்னு வந்தேன். யாரும் பேசல. உங்கம்மா சிறுத்தை மாதிரி வந்தா என்ன ஆகும்னு நேத்து ஒரு தடவை பாத்தேன். அங்க இருந்தவங்க எல்லாரும் ஓடி வந்தாங்க. கூல்ஜான் சந்தேகம் கேட்டாங்க, எனக்குத் தெரிஞ்சதால சொன்னேன். ஒராஸ் ஏதோ கேட்டாரு. எனக்கு அது புரியல. புரியலன்னு சொன்னா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயந்து சரின்னுட்டேன். மன்னிப்புக் கேக்கத்தான் இன்னைக்கும் இதே உருவத்துல வந்தேன், இல்லன்னா யாரும் என்னைக் கவனிக்க மாட்டாங்களே. ஆனா எல்லாரும் கத்தறாங்க.'

மகளின் தோளுக்கு மேலாக அம்மா அதைப் படித்தார். "யாரும் பேசலையா? அதெப்படி?" என்று முனகியபடி தன் பழைய செய்திகளைப் புரட்டினார்.

இருந்தன. 'வணக்கம், நான் புதுசு.' 'வணக்கம், உங்க பேச்சு நல்லா இருந்துச்சு.' 'வணக்கம்.' மொத்தம் பதினொன்று. ஒன்றைக்கூட அம்மா திறந்து பார்த்ததில்லை.

அன்றைக்கு அம்மா அதிர்ந்தது மூன்றாவது முறை. இந்த முறை அவரால் யாரையும் திட்ட முடியவில்லை.

"பதினொரு தடவை..." என்றார்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு!" என்று கொதிகலன் பொங்கியது.

இங்கார் அவசரமாகத் தட்டினாள். 'பெக்ஸாத் அண்ணா, உங்க சொந்த உருவத்துல வந்து நீங்களே சொல்லுங்க. நாங்க பக்கத்துல நிக்கறோம்.'

நீரூற்றின் அருகில் இருந்த சிறுத்தை மங்கியது. அந்த இடத்தில் முகமில்லாத சாம்பல் உருவம் ஒன்று நின்றது. இங்கார் அம்மாவின் சிறுத்தையை நடத்திக்கொண்டு போய் அதன் அருகில் நிறுத்தினாள்.

"நான்தாங்க" என்றது ஒரு மெல்லிய, உடைந்த குரல். "ஷோல்பான் அக்கா மாதிரி வந்தது நான்தான். தப்புதான். மன்னிச்சிடுங்க. ஒராஸ் கேட்டது இந்தக் கூடத்தைப் பத்தின்னு புரியாம சரின்னுட்டேன்."

"மன்னிப்பு கேட்டா அஸ்காரோட பாட்டு திரும்ப வருமா?" என்றார் ஒராஸ்.

"வரும்னு நினைக்கறேன்" என்றான் பெக்ஸாத்.

கொதிகலன் சட்டென்று முன்னால் வந்தது.

"என்ன சொன்ன?"

"நீங்க யாரும் இல்லாத நேரத்துல நான் கூடத்துக்குப் போவேன். எவ்வளவு அழகாக் கட்டியிருக்காங்க, எப்படிக் கட்டினாங்கன்னு கத்துக்கறதுக்காக ஒவ்வொரு சுவரையும் என் கணினியில நகல் எடுத்து வெச்சிருக்கேன். எல்லாச் சுவரும் இருக்கு. அந்தத் தோம்பிராவும் இருக்கு. தினமும் சாப்பிடறப்ப அதைத்தான் கேப்பேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாதுளம்பழம் பொத்தென்று தரையில் உட்கார்ந்தது.

"நல்லவேளை ஒராஸ், நீ அவனை வெளிய தள்ளல" என்று யாரோ சொன்னார்கள்.

கொதிகலனின் ஆவி மெல்ல அடங்கியது. "நான் எங்க தள்ளினேன்?" என்று அது முணுமுணுத்தது. "அஞ்சு நிமிஷம் பொறுத்தேன்ல?" பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டது. "ஆனா தம்பி, இன்னொரு தடவை அடுத்தவங்க பேர்ல வந்தா நானே உன்னைத் தேநீரோட கொதிக்க வெச்சிடுவேன்."

"வரமாட்டேன் அண்ணா" என்றான் பெக்ஸாத்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பதினெட்டுப் பேர் சேர்ந்து கூடத்தை மறுபடி எழுப்பினார்கள். ஞாயிறு மாலை அம்மா அஸ்காரின் சுவரைத் தொட்டார். இரண்டு கம்பிகளின் இசை எழுந்தது. அது முடியும்வரை எல்லோரும் அந்தச் சுவரைச் சுற்றி நின்றார்கள்.

அதன் பிறகு இங்கார் கேட்டாள். "பெக்ஸாத் அண்ணா, உங்களுக்கு என்ன அவதாரம் வேணும்? நான் வரைஞ்சு தரேன், அம்மா செஞ்சு தருவாங்க."

"நிஜமாவா?"

"நிஜமா. சிறுத்தை மட்டும் கேக்காதீங்க."

"ஒட்டகம்" என்றான் வெட்கத்தோடு. "ரெண்டு திமில். நல்லா உயரமா இருக்கணும்."

"எவ்வளவு உயரம்?"

"எங்க நின்னாலும் தெரியணும்."

இங்கார் நான்கு தாள்களை ஒட்டித்தான் அந்த ஒட்டகத்தை வரைய முடிந்தது. கழுத்தில் கட்டம் போட்ட துண்டு ஒன்றையும் அவளாகவே சேர்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஒட்டகம் நீலவெளிக்கு வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூட்டம் முழுவதும் கூடத்துக்குள் போனது. ஒட்டகமும் போனது. முன்திமில் வரை போய்விட்டு, வாசலில் சிக்கி நின்றது.

"பின்னால வா!"

"வரல அண்ணா!"

"தலையைக் குனி!"

"தலை உள்ளதான் இருக்கு, திமில்தான் வெளிய!"

கதவை உயர்த்துவதா, ஒட்டகத்தைக் குறுக்குவதா என்று அங்கேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. நிரலாளர்கள் அல்லவா, சீக்கிரம் முடியவில்லை. ஒரு மணி நேரம் ஆகியும் பெக்ஸாத் அசைய முடியாமல் வாசலிலேயே நின்றான். பதினேழு பேரும் ஒரே நேரத்தில் அவனிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.