தண்ணீருக்கு முன்னால் நடந்தவர்கள்

ஆற்றுப் பாலத்தை ஒட்டியிருந்த காப்பிக் கடையில், தட்டில் மிஞ்சிய ஒற்றை வடைக்காக மூன்று பேரும் சண்டை போட்டதுதான் கடைசியாக நடந்த சாதாரண விஷயம்.

"வயசுல மூத்தவன் நானு" என்றான் ஆதப்பன்.

"ஒடம்புல பெரியவன் நாந்தாண்ணே" என்று சொல்லி, பிச்சை அதை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டான். ஆதப்பனின் தம்பி முத்துராமனுக்குச் சிரிப்பில் காப்பி புரையேறியது. பிறகு மூவரும் பாலத்தடியில் சரிந்து வெள்ளாற்று மணலில் இறங்கினார்கள். ஐம்பத்தாறாம் வருஷம், ஆவணி மாதம்.

ஆதப்பன் எட்டு வருஷம் மலேயாவில் இருந்துவிட்டுத் திருமயத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊருக்குத் திரும்பியவன். அங்கே பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் ஆறுகளில் தெப்பத்திலும் ஒற்றை ஆள் படகிலும் நாட்கணக்கில் போகிறவர்களைப் பார்த்திருந்தான். ஐப்பசியில் வெள்ளாறு கரை முட்ட வரும்போது, புதுக்கோட்டையிலிருந்து மணமேல்குடிக் கடல் வரைக்கும், மூன்று இரவு கரையில் தங்கி, நாலாம் நாள் உப்புத் தண்ணீரைத் தொட வேண்டும். அதுதான் அவன் திட்டம். திருமயம் பஸ் ஸ்டாண்டில் டியூப் ஒட்டும் கடை வைத்திருந்த பிச்சை, ஆறு லாரி டியூப்களை மூங்கிலோடு கட்டித் தெப்பம் செய்து முடித்திருந்தான். மூங்கில் சட்டத்தில் கித்தான் போர்த்திய சின்னப் படகு ஒன்றும் தயார்.

தண்ணீர்தான் இல்லை. அந்த ஆற்றில் வருஷத்துக்கு ஒரு மாதம் தண்ணீர் ஓடினால் பெரிது. வெள்ளம் வந்த பிறகு பாறை எங்கே, பள்ளம் எங்கே என்று தேட முடியாது. ஆகவே மணலாகக் கிடக்கும்போதே ஆற்றை நடந்து பார்த்து எழுதிவிடுவது என்று முடிவு செய்தார்கள். முத்துராமன் பள்ளிக்கூட வாத்தியார்; நோட்டுப் புத்தகம் அவன் கையில். அவனுக்கு நீந்தத் தெரியாது. அண்ணன் மனைவி சீதை ஆறு மாசம். "தம்பி, திரும்பி வாரப்ப ஒங்க அண்ணனும் கூட வரணும்" என்று அவள் வாசலில் நின்று சொன்ன ஒரே வார்த்தைக்காகத்தான் அவன் வந்தான்.

முதல் நாள் சாயங்காலம் ஆறு வளையும் இடத்தில் ஒரு மருத மரம் மணலின் மேல் சாய்ந்து நின்றது. "தெப்பத்தைக் கட்ட மரம் இருக்கு, படுக்க மேடு இருக்கு. மொத ராத்திரி இங்கிட்டுத்தான். எழுதிக்க" என்றான் ஆதப்பன். முத்துராமன் எழுதத் தொடங்கியபோது அந்த வாசனை வந்தது. எட்டு மாதமாக மழையே காணாத, பகலெல்லாம் வறுபட்ட அந்த மணலுக்கு மேலே, கரைந்த செம்மண்ணும் ஊறிய சருகும் எங்கோ அடித்துக்கொண்டு வரப்பட்ட மாட்டுத் தொழுவமும் கலந்த புது வெள்ளத்தின் வாசனை, நனைந்த துணியை முகத்தில் போட்டதுபோல வந்து ஒட்டிக்கொண்டது.

மரத்துக்குப் பின்னால் யாரோ மூன்று கல் வைத்துச் சமைத்திருந்தார்கள். சாம்பல் ஈரமாக இருந்தது. பக்கத்தில் மூன்று பேர் படுத்து எழுந்த பள்ளம். பள்ளங்களின் ஓரத்திலிருந்து நீர் கசிந்து நடுவில் தேங்கியிருந்தது.

"மாடு மேய்க்கிற பயலுகளா இருக்கும்" என்றான் ஆதப்பன்.

பிச்சை குனிந்து பார்த்தான். ஈரக் களிமண்ணில் ஓர் இடது கை பதிந்திருந்தது. ஆள்காட்டி விரல் இல்லை. பிச்சைக்கு அந்த விரலை லாரிச் சக்கரம் எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது. "ஏண்ணே, என்னைய விட்டா வேற எவன் டயருக்கு வெரல் குடுத்தான்?" என்று சிரித்தபடி தன் கையை அதன் மேல் வைத்தான். சரியாகப் பொருந்தியது. சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று இரவு அவர்கள் அங்கே படுக்கவில்லை. கரையேறி ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தார்கள். முத்துராமன் புரண்டுகொண்டே இருந்தான். வெகு தூரத்தில் ஒரு பஸ் வருவதுபோல ஓர் இரைச்சல், வந்துகொண்டே இருந்தது, வந்து சேரவே இல்லை.

மறுநாள் பாறைகள். கயிற்றால் இடைவெளிகளை அளந்தார்கள். ஆதப்பன் இரண்டு பாறைகளுக்கு நடுவே நின்று கையை விரித்தான். "இங்கன பாத்தியாடா, தண்ணி வெள்ளையாக் கொதிக்கும்! படகு மூக்கை எடது பக்கம் திருப்பணும், இல்லாட்டி சொருகிரும்." அவன் வாய் அசைவதைத்தான் முத்துராமன் பார்த்தான். பாதி வார்த்தைகள் அந்த இரைச்சலில் காதில் விழவில்லை.

இரண்டாவது தங்குமிடத்தை ஆதப்பன் தேர்ந்தெடுத்தபோது வெயில் இறங்கியிருந்தது. மூன்று கல். ஈரச் சாம்பல். இரண்டு பள்ளங்கள்.

இரண்டுதான்.

பிச்சை மண்டியிட்டு மணலைத் தடவித் தடவித் தேடினான். அந்தப் பெரிய உடம்பு நாலு காலில் ஊர்ந்தது. "எங் கையைக் காணோம்ணே" என்றான். குழந்தை அழுவதற்கு முன் இழுக்கும் குரல். பிறகு எழுந்து வேட்டியை உதறினான். "டியூப்பு, மூங்கி எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கங்க. எனக்கு அறந்தாங்கி பஸ்ஸு போதும்." திரும்பிப் பார்க்காமல் கரையேறிப் போனான்.

ஆதப்பன் சிரிக்க முயன்றான். "அவன் போயிட்டான். நாம ரெண்டு பேரு. இங்கயும் ரெண்டு. சரியாத்தானடா இருக்கு?"

"அப்ப நாளைக்குண்ணே?"

ஆதப்பன் குனிந்து அளந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

"நாமளும் ஏறிருவோம்ணே. அண்ணி காத்துக்கிட்டு இருப்பாக."

"பாதி ஆத்தைப் பாத்துட்டு மீதியைப் பாக்காம வெள்ளத்துல எறங்கச் சொல்றியா? அதுலதாண்டா சாவு. இப்ப என்ன, மணலு. மணல்ல எவன் முங்கிச் செத்தான்?"

அந்தப் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்க முத்துராமனுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அளக்கிற கயிற்றின் ஒரு நுனியைத் தன் இடுப்பிலும் மறு நுனியை அண்ணன் இடுப்பிலும் கட்டினான்.

"என்னடா இது, சந்தைக்கு மாடு ஓட்டிக்கிட்டுப் போற மாதிரி?"

"இருக்கட்டும்ணே."

முத்துராமன் முன்னால் நடந்தான். அண்ணன் பின்னால் பத்தடியில். வெயில் ஏறிவிட்டது. மணலில் கண் கூசியது. இரு கரையிலும் பனைகள் அசையாமல் நின்றன. இரண்டு நாளாகக் கேட்ட இரைச்சல் சட்டென்று நின்றது.

ஒரு காக்கை இல்லை. காற்று இல்லை.

இடுப்பில் கயிறு குளிர்ந்தது.

தொட்டான். ஈரம்.

"டேய் முத்து" என்றான் ஆதப்பன் பின்னாலிருந்து. மலேயாவிலிருந்து வந்து இறங்கிய அன்று இருந்த அதே சந்தோஷக் குரல். "சில்லுனு இருக்குடா."

திரும்பினான்.

மணல். வெயில். அண்ணன் இல்லை.

கயிறு விறைத்தது. இழுத்தது. பின்பக்கமாக அல்ல. அவனைத் தாண்டி முன்னால், கடல் இருக்கும் பக்கம். இடுப்பு உயரத்தில் காற்றில் நீண்டு நின்றது கயிறு. அதன் கோடியில் சுருக்கு அவிழாமல் இருந்தது. ஓர் ஆளின் இடுப்பளவுக்கு விரிந்து. உள்ளே ஒன்றும் இல்லை. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

இழுத்தது. குதிகால்கள் மணலை உழுதன. விழுந்தான். எழுந்தான். "அண்ணே!" மூச்சு முட்டியது. இன்னும் பத்தடி. இருபதடி. வளைவு தெரிந்தது. அங்கே மூன்றாவது ராத்திரிக்கான மேடு.

அவன் கை முடிச்சைத் தேடியது.

அவிழ்த்தது.

கயிறு அதே உயரத்தில், ஆறு வளைகிற மாதிரியே வளைந்து போய் மறைந்தது.

போலீஸ் வந்தது. ஊர்க்காரர்கள் மூன்று நாள் மணலைத் தோண்டினார்கள். ஆதப்பனின் காலடிகள் தம்பியின் காலடிகளுக்குப் பின்னால் வரிசையாக வந்து ஓர் இடத்தில் முடிந்திருந்தன. சீதை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முத்துராமன் கயிற்றைப் பற்றிச் சொல்லியிருப்பான். பிறந்த பெண் இப்போது இரண்டாம் வகுப்பில் அவனிடமே படிக்கிறாள்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் வெள்ளம் வந்து அந்த மணலை வாரிக்கொண்டு போய்ப் புது மணல் போடுகிறது. ஒவ்வொரு சித்திரையிலும் முத்துராமன் அங்கே போகிறான். ஆறு முழுக்கக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அண்ணனின் கடைசிக் காலடி மட்டும் இருக்கும். வலது கால், ஐந்து விரல், குதிகால். விளிம்பு வரை செந்நிறத் தண்ணீர். மணல் அதைக் குடிப்பதில்லை. ஒரு சருகைக் கிள்ளிப் போட்டால் கடல் பக்கமாக ஓடிக் கட்டைவிரல் ஓரத்தில் உள்ளே போய்விடும்.

அறுபத்து நாலாம் வருஷச் சித்திரையில் குப்புறப் படுத்து அந்தக் காலடிக்குள் தோள் வரை கையை விட்டுப் பார்த்தான். அடி தட்டவில்லை. ஓட்டம் கையை இழுத்தது. வெளியே எடுத்த பிறகு பார்த்தான். தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது.