காணாமல் போன பன்னிரண்டு கிலோ

1984, ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. காலை மணி 9.10.

பொன்னேரி மருத்துவமனையின் சமையல் கிடங்கு. அரிசி மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசின் மேல் ரோஷன் பீவி ஏறி நின்றாள். கிடங்குக்காரர் எடைக்கல்லை மாட்டி, தண்டின் மேலிருந்த குண்டை நகர்த்தினார். தண்டு மெல்ல எழுந்து நடுவில் நின்றது.

"நூத்தி நாப்பத்தொண்ணு" என்றார் அவர்.

டாக்டர் ராஜவேலு கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். போன வியாழக்கிழமை பழவேற்காட்டில் நிறுத்தபோது 129 என்று அதில் எழுதியிருந்தது.

"பன்னண்டு கிலோ வித்தியாசம். நாலு நாள்ல யாருக்கும் அவ்வளவு ஏறாது. அப்போ இந்த அட்டை பொய்."

ரோஷன் பீவிக்கு முகம் சுருங்கியது. "பொய் இல்ல டாக்டர். நோன்புப் பெருநாளன்னிக்கிக்கூட நான் பிரியாணியத் தொடல."

அட்டையின் கதை இது. ரோஷன் பீவிக்கு நாற்பத்தோரு வயது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரண்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள். இப்படியே விட்டால் இதயம் நாலைந்து வருடம்கூடத் தாங்காது என்று ராஜவேலு சொல்லியிருந்தார். அவர் வெளிநாட்டில் கற்றுவந்த அறுவை ஒன்று இருந்தது. இரைப்பையின் மேல்பக்கம் உலோகத் தையல் வரிசை ஒன்றைப் போட்டு, முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையாகப் பிரித்துவிடுவார்கள். அந்தப் பை நாலு வாயில் நிறைந்துவிடும். நிறைந்த பிறகும் திருட்டுத்தனமாகத் தின்றால் தையல் பிரியும், உயிர் போகும். அதனால் ராஜவேலு ஒரு நிபந்தனை வைத்தார். நீராகாரத்திலேயே இருந்து பதினெட்டு கிலோ குறைத்துக் காட்ட வேண்டும். வாயைக் கட்டத் தெரிந்தவருக்கு மட்டும்தான் கத்தி.

வார்டில் இருந்த எடை இயந்திரம் 120 கிலோவோடு முடிந்துவிடும். ஆனால் ரோஷன் பீவியின் கணவர் கலந்தர் பழவேற்காட்டில் இறால் வாங்கி மெட்ராஸ் கம்பெனிக்கு அனுப்புகிறவர். அவர் கொட்டகையில் பெரிய தராசு உண்டு. வாராவாரம் அங்கேயே நிறுத்து எழுதிவரச் சொன்னார் டாக்டர். ஏப்ரல் 5இல் 148. ஆகஸ்ட் 2இல் 129. பத்தொன்பது கிலோ குறைந்தாயிற்று என்றுதான் அவளைச் சேர்த்தார்கள். சமையல் கிடங்கிலும் ஒரு தராசு இருக்கிறதே என்று அன்று காலை நினைவூட்டியவள் நர்ஸ் திரௌபதி.

"தராசுல நிக்கறப்போ பக்கத்துல தூண் இருந்துச்சா?" ராஜவேலு கேட்டார்.

"இருந்துச்சு."

"அதைப் புடிச்சீங்களா? லேசா ஊணுனாக்கூடப் பத்துப் பன்னண்டு கிலோ குறைச்சுக் காட்டும்."

"புடிக்கல டாக்டர். நீங்க சொல்லுங்களேன்" என்று கணவர் பக்கம் திரும்பினாள்.

கலந்தர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "நான் தண்டையில்ல பாத்துக்கினு இருந்தேன். அவ கையை நான் பாக்கல. புடிச்சாலும் புடிச்சிருப்பா."

ரோஷன் பீவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு ஆபரேஷன் பட்டியல மூடிடுவேன்" என்றார் ராஜவேலு. "அதுக்குள்ள இந்தக் கணக்கு நேராகலைன்னா, புதன்கிழமை உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுடறேன். நீங்க வீட்டுக்குப் போகலாம்."

காலை 10.30. பெண்கள் வார்டு.

துணைக்கு வந்திருந்த மணியம்மாளின் துணிப்பையை ஆயா சோதித்தாள். ஒரு பன் இருந்தது.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான். நான் இன்னா, கஞ்சி குடிக்கவா வந்தேன்?" மணியம்மாள் பன்னைப் பிடுங்கிக்கொண்டாள். "நாலு மாசமா அக்கா எதுருல நான் எதையும் வாயில வெக்கறதில்ல. வெளிய போயித் தின்னுட்டு வருவேன். என்னையா திருடின்றே?"

மணியம்மாள் ஏரி ஓரக் குப்பத்தைச் சேர்ந்தவள். அவள் புருஷன் பிடிக்கும் இறால் கலந்தரின் கொட்டகைக்குத்தான் போகும். அங்கேயே அவளும் பதினோரு வருடமாக இறால் உரிக்கிறாள், நிறுக்கும்போது கல் மாட்டுகிறாள். ரோஷன் பீவியோடும் அத்தனை வருடப் பழக்கம்.

திரௌபதி நோயாளிக்கு ஆஸ்பத்திரிச் சட்டை மாற்றிவிட்டாள். கழற்றிய ரவிக்கையைப் புரட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் மூன்று முறை பிடித்துத் தைத்திருந்தது. வெள்ளை நூல், பிறகு பச்சை, பிறகு கறுப்பு.

"இது எப்போ தச்சது?"

"பிடிக்கப் பிடிக்கத் தொளதொளனு ஆயிடுது சிஸ்டர். கறுப்பு நூலு போன மாசம்."

தூணைப் பிடித்தால் தராசை ஏமாற்றலாம். ரவிக்கையை எப்படி ஏமாற்றுவது? இவள் இளைத்திருக்கிறாள். திரௌபதிக்கு அதில் சந்தேகமில்லை.

அட்டையை வாங்கிப் பதினெட்டு வியாழக்கிழமைகளையும் படித்தாள். 148, 147, 146, 145 என்று எண்கள் ஒழுங்காக இறங்கின. ஓரிடத்திலும் துள்ளல் இல்லை. கையை ஊன்றுகிறவர் ஒரு வாரம் எட்டு கிலோவுக்கு ஊன்றுவார், மறுவாரம் பதினைந்துக்கு. பதினெட்டு வாரமும் ஒரே அளவாய் ஊன்ற எந்தக் கையாலும் முடியாது. அப்படியென்றால் தப்பு கையில் இல்லை. மாறாத ஏதோ ஒன்றில் இருக்கிறது. இரண்டு தராசுகளில் ஒன்று பொய் சொல்கிறது.

மதியம் 1.15. திரௌபதி பத்து லிட்டர் வாளியோடு கிடங்குக்குப் போனாள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காலி வாளியை நிறுத்தாள், அளந்து ஊற்றி மறுபடி நிறுத்தாள். கூடியது சரியாகப் பத்து. பிறகு இதே கணக்கில் தண்ணீர் கேன்களை அடுக்கி நூறைத் தாண்டிப் பார்த்தாள். மருத்துவமனைத் தராசு உண்மைதான் சொன்னது.

மாலை 4.40. மணியம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது வாட்டி தேய்க்கறேன். போவுதா பாரு" என்று கையை நீட்டினாள். இறால் வீச்சம் திரௌபதியின் மூக்கில் ஏறியது.

"கொட்டகையில எடை போட்டா உங்களுக்கு எப்பவாவது சந்தேகம் வந்திருக்கா?"

"சந்தேகம் இன்னா சந்தேகம்? எறா கரையில ஒரு எடை, கொட்டகையில ஒரு எடை. தண்ணி வடிஞ்சிடுதுல்ல."

"எவ்வளவு வடியும்?"

"எங்க கூடை ஒண்ணு இருவத்தெட்டு கிலோ புடிக்கும். ஒரு வாட்டி பொன்னேரி சந்தையில நிறுத்துப் பாத்தேன். நாலு கூடை கொண்டுபோனா பாய் தராசுல நூறு நிக்கும். மீதி தண்ணி. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

நாலு கூடை, நூற்றுப் பன்னிரண்டு. தராசில் நூறு. திரௌபதி அப்படியே நின்றுவிட்டாள். இறாலில் தண்ணீர் வடியலாம். ஆனால் தண்ணீர் ஒரு நாள் அதிகமாகவும் ஒரு நாள் குறைவாகவும் வடியும். ரோஷன் பீவியிடமிருந்து வடிய என்ன இருக்கிறது?

பிளாட்பாரத் தராசு வேலை செய்யும் விதம் அழகானது. மேடைக்கு அடியில் நெம்புகோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்திருக்கும். மேடையில் நூறு கிலோ ஏறினால், தண்டின் நுனியில் ஒரே ஒரு கிலோ மாட்டினால் போதும், சமமாகிவிடும். அதனால் அந்த ஒரு கிலோக் கல்லின் மேல் '100' என்று அடித்திருப்பார்கள். நூறுக்கு மேற்பட்ட மீதியைத் தண்டில் நகரும் குண்டு காட்டும். இப்போது, அந்தக் கல்லின் அடியில் நூற்றிருபது கிராம் ஈயத்தை ஒளித்து வைத்தால் என்ன ஆகும்? தண்டு சமமாக, மேடையில் பன்னிரண்டு கிலோ கூடுதலாக ஏற வேண்டும். வலையில் கட்டும் நாலு ஈயக்குண்டு, பன்னிரண்டு கிலோ இறாலை விழுங்கிவிடும்.

மாலை 5.30. திரௌபதி டாக்டரிடம் போனாள். ராஜவேலு கலந்தரைக் கூப்பிட்டார்.

"உங்க நூறு கிலோ கல்லை நாளைக்கு எடுத்துட்டு வர முடியுமா? மருந்தகத் தராசுல போட்டுப் பார்ப்போம்."

கலந்தர் "தாராளமா" என்றார்.

ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை. மதியம் 1.40. மருத்துவமனை மருந்தகம்.

கலந்தர் செய்தித்தாளில் சுற்றிய கல்லை மேசைமேல் வைத்தார். வட்டமான இரும்பு, நடுவில் ஒரு வெட்டு, '100' என்ற எண். மருந்தகத் தராசின் ஒரு தட்டில் அதை வைத்து, மறுதட்டில் பித்தளை ஒரு கிலோவை வைத்தார்கள். முள் அசையாமல் நடுவில் நின்றது.

ஒரு கிராம்கூட வித்தியாசமில்லை.

"சரிதான், சிஸ்டர்" என்றார் ராஜவேலு. "கல்லுல தப்பில்ல."

சக்கர நாற்காலியில் இருந்த ரோஷன் பீவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கலந்தர் அவள் தோளில் கை வைத்தார். "உடு. வூட்டுக்குப் போவோம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

திரௌபதி கல்லைக் கையில் எடுத்தாள். புரட்டினாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

"பாய், இதுதான் தினமும் கொட்டகையில மாட்டற கல்லா?"

"ஆமா."

"பதினோரு வருஷமா?"

"ஆமான்றேனே."

"மணியம்மா, உங்க கையைக் காட்டுங்க." மணியம்மாள் நீட்டினாள். "ரெண்டு நாளா இவங்க எறாவைத் தொடல. பத்துத் தடவை கழுவியாச்சு. இன்னும் வீச்சம் போகல. இந்தக் கையாலதான் பதினோரு வருஷமா உங்க கல்லை மாட்டறாங்க. இதை மோந்து பாருங்க டாக்டர். வெறும் எண்ணெய் வாசனை."

"துடைச்சுக் கொண்டாந்தேன்" என்றார் கலந்தர்.

"துடைச்சா வாசனை போகும்னே வெச்சுக்குவோம். உப்புத் தண்ணியில கிடந்த இரும்புல குழி குழியாத் துரு தின்னிருக்கும். அதைத் துடைக்க முடியாது. இது கண்ணாடி மாதிரி இருக்கு. நாம எல்லாரும் இதை நிறுத்துப் பார்த்தோம். யாரும் மோந்து பார்க்கல."

மணியம்மாள் கல்லை வாங்கிப் பார்த்தாள். "இது எங்க கல்லு இல்ல. எங்க கல்லு மேல சொறி புடிச்ச மாதிரி இருக்கும்." குரல் மாறியது. "மெட்ராஸ் லாரி வர்றப்போ எங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டு நீயே எடை போடுவியே பாய். அதுக்கு இந்தக் கல்லா?"

"உங்ககிட்ட ரெண்டு கல் இருக்கு" என்றாள் திரௌபதி. "வாங்கறதுக்கு ஒண்ணு. விக்கறதுக்கு ஒண்ணு. முதல் கல் பொய்னு உங்களுக்குத் தெரியலைன்னா, அதையே கொண்டு வந்திருப்பீங்க. தெரிஞ்சதாலதான் மாத்திக் கொண்டு வந்தீங்க. இல்லைன்னு சொன்னா, நானே மணியம்மாவோட அடுத்த பஸ் ஏறிப் போய் அதை எடுத்துட்டு வர்றேன்."

கலந்தர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

ராஜவேலு அட்டையை எடுத்துத் தானே கூட்டிப் பார்த்தார். வாராவாரம் மாட்டியது ஒரே கல். வாராவாரம் மறைந்தது அதே பன்னிரண்டு கிலோ. ஏப்ரலில் 148 என்றால் நிஜத்தில் 160. இப்போது 141. பொய்த் தராசு எடையைத்தான் தப்பாகச் சொன்னது. குறைந்த அளவைத் துல்லியமாகச் சொல்லியிருந்தது.

"பத்தொன்பது கிலோ. நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. என்னை மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். "நாளைக் காலையில முதல் ஆபரேஷன் உங்களுக்குத்தான்."

ரோஷன் பீவி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"எனக்கு மட்டும் நல்ல கல்லைப் போட்டிருக்கலாமே?" என்று கணவரிடம் கேட்டாள்.

"எப்படிப் போடறது?" கலந்தர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "வியாழக்கிழமை ஆனா குப்பமே வந்து வேடிக்கை பாக்குது. கல்லை மாத்துனா கண்டுபுடிச்சிட மாட்டாங்களா? இங்கயும் தராசு இருக்கும்னு நான் இன்னா கண்டேன்?"

"சரி. அது போவட்டும். நேத்து டாக்டரு என்னைப் பொய்க்காரின்னாரு. நீங்க பக்கத்துலதான நின்னீங்க? நான் தூணைப் புடிக்கலனு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே, புடிச்சாலும் புடிச்சிருப்பானு சொன்னீங்க. ஆபரேஷன் இல்லைன்னா நான் செத்துப்போவேன்னும் தெரியும்."

"ரோஷனு..."

"கல்லு தப்பிச்சா போதும்னு இருந்தீங்க."

மதியம் 2.35. ஒப்புதல் படிவம் வந்தது. கணவர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது. கலந்தர் பேனாவை எடுத்தார். போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"போடறேன். ஒண்ணே ஒண்ணு. மணியம்மாகிட்ட நீ சொல்லு, குப்பத்துல வாய் தொறக்கவேணாம்னு. நீ சொன்னா கேப்பா. நான் இனிமே கல்லை மாத்திடறேன். அல்லா சத்தியமா."

மணியம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள். நேற்றுவரை அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டிருந்தவள், இப்போது ரோஷன் பீவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவுக்கும் இந்தக் கல் விஷயம் தெரியுமோ என்று மணியம்மாள் நினைப்பது எல்லாருக்கும் புரிந்தது.

ரோஷன் பீவி திரௌபதியிடம் கேட்டாள். "இவரு போடலைன்னா ஆபரேஷன் இல்லியா சிஸ்டர்?"

"புருஷன் கையெழுத்து வாங்கறது இங்க ஒரு வழக்கம், அவ்வளவுதான். உடம்பு உங்களுது. உங்க கையெழுத்து இருந்தா போதும். என்ன டாக்டர்?"

ராஜவேலு தலையசைத்தார்.

ரோஷன் பீவி கணவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். பெயரை மெதுவாக, ஓர் எழுத்தும் விடாமல் எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மணி. மூணே காலுக்குப் பழவேற்காட்டுக்கு பஸ்ஸு இருக்கு. போ. போயி எல்லாரையும் கொட்டகைக்கு இட்டுனு போ. கல்லு தராசுலயேதான் தொங்கிக்கினு இருக்கும். இவரு போய்ச் சேர்றதுக்கு முன்னால எடுத்துடு."

மணியம்மாள் இப்போது பார்த்தாள். "நீ தனியா இருப்பியே அக்கா."

"நான் எப்பவும் தனியாத்தான் இருந்திருக்கேன். நேத்துதான் தெரிஞ்சுது. நீ போ."

கலந்தர் எழுந்தார். வாசலில் டாக்டர் ராஜவேலு நின்றிருந்தார், நகரவில்லை. மணியம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவில் ஓடும் சத்தம் கேட்டது.

புதன்கிழமை காலை 7.40க்கு அறுவை தொடங்கியது. மூன்றேகால் மணி நேரம் நடந்தது. உறவினர் உட்காருவதற்காக வெளியே போட்டிருந்த பெஞ்சில், அவ்வளவு நேரமும் ஒருவரும் இல்லை.