மறதிநீர்

கோமதிநாயகத்தின் மகள் ஆவுடை வேலிக்குள் நுழைந்தபோது ஒரு முள்கூட நிமிரவில்லை. ஆளுயரக் குசும்பாச் செடிகள் இலையோர முட்களை மடக்கிக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சிக்கு வழிவிட்டன. தெருவில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

கரிசல் காட்டில் ஒரு காலத்தில் குசும்பாவை வரப்போரம் விதைப்பார்கள். முள்ளுக்கு அஞ்சி மாடு உள்ளே வராது. புதுப்புது விதைகளை உருவாக்கும் விதைக்கூடத்தார் அதே செடிக்கு மோப்பம் கொடுத்தார்கள். ஒரு வம்சத்தாரின் வேர்வையில் பொதுவாக இருக்கும் குலவாடையை இலைமயிர்கள் அறியும். அறிந்தால் முள் மடங்கும், இல்லையென்றால் விறைக்கும். குத்தினால் ஒரு வாரம் கை வீங்கும். வாழவந்த பெண்ணின் வாடையை மட்டும் அவள் வேர்வைத்துணியிலிருந்து எடுத்துத் தனியாக ஏற்ற வேண்டும். மழை பொய்த்தாலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும்படியும் செடியை மாற்றினார்கள். விதையில் எண்ணெய், இதழில் கல்யாணச் சேலைக்குச் சாயம். வீட்டைச் சுற்றிலும் இதுவே வேலியாகி, கதவு வைத்த வீடு மதிப்புக் குறைவு என்றாகிவிட்டது. ஊரில் முதலில் மதிலை இடித்தவர் கோமதிநாயகம்.

தன் தாயின் பெயரை வைத்து அவர் வளர்த்த பெண், அவர் சொல்லை மீறி விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போனாள். இப்போது வாசலில் நின்றாள்.

“உங்க வீட்ல தங்க வரலைப்பா. பிரசவத்துக்கு அம்மாவை அனுப்புங்க, போதும்.”

“எனக்கு மகளே கிடையாது. வெளிய போ.”

போனாள். அப்போதும் முள் மடங்கித்தான் வழிவிட்டது. எதிர்வீட்டு மாடத்தி உரக்கச் சிரித்தாள்.

“ஐயா முறிச்சாலும் முள்ளு முறிக்கலியே! வேலிக்குத் தெரிஞ்ச உறவு வீட்டுக்காரருக்குத் தெரியலை பாத்துக்கிடுங்க!”

அன்று மாலையே விதைக்கூடத்துப் பெனிட்டாவை வரவழைத்தார்.

“அவ வாடையை மட்டும் அழிச்சிரு தாயி.”

“அழிக்கிறதுக்கு மறதிநீர் இருக்குங்கய்யா. ஆனா செடிக்கு ஆவுடைன்னு ஒருத்தியைத் தெரியாது. உங்க வம்சத்துல பிறந்த எல்லாருக்கும் ஒரே குலவாடைதான். அது போனா நீங்களும் அதுக்கு அந்நியம். டவுன்ல இருக்கிற மகன், பேரன் எல்லாரும்தான்.”

“திரும்ப ஏத்த முடியாதா?”

“ஏத்தலாம். உங்க மகளும் சேந்துதான் உள்ள வருவாங்க.”

அடுப்படி நிலையில் நின்ற அவர் மனைவி உலகம்மாள் வாய்திறந்தாள். “வேண்டாங்க. பிள்ளை பெறப்போறவ...”

“வந்தவளுக்கு இந்த வம்சத்தைப் பத்தி என்ன பேச்சு?”

வாழவந்த நாளிலிருந்து அவள் வாயை அடைத்த சொல் அது. இப்போதும் அடைத்தது.

“தெளி” என்றார் பெனிட்டாவிடம்.

“அப்புறம் நீங்க எப்படிங்கய்யா வெளிய போவீங்க?”

“போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போயாச்சு.”

தெளித்து முடித்தபின், முள் ஏறாத தன் தடித்த அங்கியைக் கழற்றப்போனாள் பெனிட்டா. “இன்னொண்ணு வண்டியில இருக்கு. இதை வச்சுக்கிடுங்க.”

“சொந்த வேலியைத் தாண்ட அங்கி போடுதவன் கள்ளன். நீயே போட்டுட்டுப் போ.”

வெட்டலாமே என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. அவர் குலத்தின் வேலியை அவரே வெட்டுவதைப் பார்க்க ஊர் காத்திருக்கும் என்பது அவளுக்கும் தெரியும்.

விடிந்தபோது வேலி முழுக்கச் செவ்வரியோடிய மஞ்சள் பூக்கள். கோமதிநாயகம் கையை நீட்டினார். முட்கள் சடசடவென்று நிமிர்ந்தன. இனி அவள் வரமாட்டாள். அவருக்கு நிறைவாக இருந்தது.

பின்னால் உலகம்மாள் கையில் பையோடு நின்றாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“பிரசவத்துக்கு.”

“முள்ளு கிழிச்சிரும்.”

“கிழிக்காது. என் வாடையைத் தனியாத்தான ஏத்துனீங்க? நான் வந்தவதான.”

அவள் காலெடுத்து வைத்தாள். முட்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அப்பால் தெருவில் அம்மாவை எதிர்பார்த்து ஆவுடை நின்றிருந்தாள். எதிரே மாடத்தி, கையைக் கட்டிக்கொண்டு.

கோமதிநாயகம் முதுகை நிமிர்த்திக்கொண்டார். தானே அனுப்பி வைப்பதுபோல, தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார்:

“போயிட்டு வா.”

முட்கள் மறுபடி நிமிர்ந்தன. அந்த வேலிக்குத் தெரிந்த ஒரே ஆள் தெருமுனையில் திரும்பி மறைந்தாள்.